பிக்கப் வண்டியின் முன் அச்சை மாற்றலாமா?

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் விளையும் மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குச் செல்லவேண்டும். கோழிப் பண்ணைக்குத் தீவனம் வந்து சேரவேண்டும். கொல்லிமலையின் மிளகும் வாழையும் அன்னாசியும் சந்தைக்கு இறங்கவேண்டும். முன்னாளில் மாட்டு வண்டி செய்துவந்த இவ்வேலையில் பெரும்பகுதியை இன்று பிக்கப் வண்டிகள் செய்கின்றன. சேற்று வழியிலும் கல் நிறைந்த மலைப்பாதையிலும் செல்வோர் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியை நாடுகின்றனர். அவர்களுள் சிலர், வண்டியின் முன்புற அமைப்பைக் கழற்றிவிட்டு, பழைய ஜீப்பில் உள்ளதுபோன்ற ஒரே அச்சைப் பொருத்திக்கொள்ள விரும்புகின்றனர். லாரிகளுக்குப் பாடி கட்டுவதில் பெயர்பெற்ற நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற திருச்செங்கோடும் அருகிலேயே இருத்தலின், இதற்குத் தேர்ந்த தொழிலாளர் கிடைப்பது அரிதன்று. ஆனால் செய்ய முடியும் என்பது வேறு. செய்யத்தக்கதா என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகை அமைப்பு

மாட்டு வண்டியின் இருசு இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைத்து நிற்பதை நாம் அறிவோம். ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறினால் இருசு முழுவதும் சாயும். ஒற்றை அச்சு வண்டியும் இத்தகையதே. இரும்புக் கூட்டினுள் பல்சக்கரங்களும் இயக்கத் தண்டுகளும் அடங்கியிருக்க, அக்கூடே இரு சக்கரங்களையும் இணைத்து, பட்டை வில்களின் வழியே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றது. 1941இல் போர்க்களத்திற்காக உற்பத்தியான வில்லிஸ் ஜீப்பின் முன்புறமும் பின்புறமும் இவ்வாறே அமைந்திருந்தன. அந்த ஜீப்பை மஹிந்திரா நிறுவனம் 1947 முதல் நம் நாட்டில் இணைத்து விற்கத் தொடங்கியது. 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய நலத்திட்டம் தொடங்கிய பின்னர் கிராமங்கள் கண்டு பழகிய ஜீப்பும் இவ்வகையதே.

மற்றொரு வகையில், முன் சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கைகளால் தாங்கப்பெறும். இடச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினும் வலச் சக்கரம் தன் நிலையில் நிற்கும். பல்சக்கரப் பெட்டி சேஸிஸில் பொருத்தப்பட்டிருக்கும். 2010இல் வெளிவந்த மஹிந்திரா தார் வண்டியும், 2016 முதல் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் உற்பத்தியான இசுசு வி-கிராஸ் பிக்கப்பும் முன்புறத்தில் இவ்வமைப்பைக் கொண்டவை. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 1979இல் நான்கு சக்கர இயக்கத்துடன் வந்தபோது ஒற்றை முன் அச்சு உடையதாயிருந்தது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாதிரி முதல் தனித்தனி அமைப்புக்கு மாறியது. அந்நாட்டில் பலர் பழைய அச்சையே திரும்பப் பொருத்திக்கொள்ளத் தலைப்பட்டனர். இவ்வழக்கம் பரவியதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

நன்மையும் குறையும்

ஒற்றை அச்சின் முதல் நன்மை உறுதி. இரண்டாவது, பாரம் ஏற்றினாலும் பல்சக்கரக் கூட்டின் அடிப்பாகம் தரையிலிருந்து ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கும். அவ்வுயரத்தை நிர்ணயிப்பது டயரே. தனித்தனி அமைப்பிலோ, சுமை அழுத்த அழுத்தப் பெட்டியும் சேஸிஸுடன் கீழிறங்கும். மூன்றாவது, பட்டை வில் முறிந்தால் சிற்றூர்ப் பட்டறையிலேயே பழுது பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. கனத்த அச்சு முழுவதும் சக்கரத்துடன் குதிப்பதால் ஆட்டம் மிகும். நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்கையில் ஸ்டியரிங் நடுங்கும் அபாயம் உண்டு. அச்சை மாற்றுகையில் வண்டி பெரும்பாலும் உயர்த்தப்படுகின்றது. உயர்ந்த வண்டி வளைவில் எளிதாகக் கவிழும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைக்காகச் செய்த மாற்றம் அம்மலைச் சாலையிலேயே உயிருக்கு உலையாகலாம் என்பதை மறத்தலாகாது.

வேலையின் நுட்பம்

பழைய கூட்டைக் கழற்றிப் புதியதைக் கட்டுவதோடு வேலை முடிந்துவிடாது. கீழ்க்கண்டவை ஒவ்வொன்றும் பொருந்தவேண்டும்.

முதலாவது, பல் விகிதம். பின் அச்சில் 4.1 என்றும் முன் அச்சில் 4.3 என்றும் விகிதம் இருப்பதாகக் கொள்வோம். பின் சக்கரம் 100 சுற்றுச் சுற்றும்போது முன் சக்கரம் ஏறத்தாழ 95 சுற்றே சுற்ற முயலும். இரண்டும் ஒரே தரையில் ஓடுவதால் ஒன்றோடொன்று மல்லாடும். சேற்றில் டயர் வழுக்கி ஈடு கொடுக்கலாம். கெட்டியான சாலையில் பல்சக்கரமோ தண்டோ முறியும். ஆகவே இரு விகிதங்களும் ஒன்றாயிருத்தல் இன்றியமையாதது.

இரண்டாவது, அச்சின் அகலமும் பல்சக்கரக் கூடு அமைந்துள்ள பக்கமும். முன்னோக்கி வரும் இயக்கத் தண்டு எப்பக்கம் வருகின்றதோ அப்பக்கமே கூடும் இருத்தல் வேண்டும். தண்டின் நீளமும் சாய்வும் அதற்கேற்பத் திருத்தப்படவேண்டும்.

மூன்றாவது, ஸ்டியரிங். தனித்தனி அமைப்புக்கு உரிய ஸ்டியரிங் பெரும்பாலும் ஒற்றை அச்சுக்கு உதவாது. வேறு பெட்டியும் இணைப்புத் தண்டும் வேண்டும். அத்தண்டு மிகச் சாய்ந்து நின்றால், சக்கரம் மேட்டில் ஏறுந்தோறும் வண்டி தானே ஒரு பக்கம் திரும்பும்.

நான்காவது, கிங்பின்னின் சாய்வு. சைக்கிளின் முன் கவை சற்றுச் சாய்ந்திருப்பதும் சைக்கிள் நேரே ஓட உதவுகின்றது. அவ்வாறே கிங்பின்னின் மேல்முனையும் சில பாகைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். சாய்வு குறைந்தால் வண்டி நேரே நிற்க மறுக்கும்.

ஐந்தாவது, பிரேக். உயர்ந்த வண்டிக்குப் பழைய குழாய் எட்டாது. சக்கரம் முழுவதும் தாழும்போது இழுபட்டு அறும். ஏ.பி.எஸ். உணர்கருவியுள்ள வண்டியில் அதன் வேலையும் கெடலாம்.

ஆறாவது, வெல்டிங். வில்லைத் தாங்கும் கொக்கிகள் சேஸிஸில் பற்றவைக்கப்படுகின்றன. முழு வண்டியின் உயிரும் அப்பற்றில் தொங்குகின்றது.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டு திருத்தச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கின்றது.

அபராதத்தினும் பெரிய இழப்பு வேறொன்று உண்டு. விபத்து நேர்ந்தபின் அனுமதியின்றி அச்சு மாற்றப்பட்டது தெரியவந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் வண்டிக்கான ஈட்டுத்தொகையை மறுக்க அது காரணமாகலாம். கடன்பட்டு வாங்கிய வண்டியும் போய், கடன்மட்டும் குடும்பத்தின் தலையில் நிற்கும். ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறியாமல் பட்டறைக்குச் செல்லுதல் கூடாது; அனுமதி இல்லையெனில் அவ்வெண்ணத்தை விட்டுவிடுதலே நன்று.

விவசாயிகளும் ஊராட்சிகளும் செய்யத்தக்கவை

உறுதியான அச்சு தேவைப்படுவோர், தொழிற்சாலையிலேயே அவ்வாறு அமைந்த வண்டியைத் தேர்ந்து வாங்குவதே முறை. பழைய வண்டி வாங்குவோர் அதன் அடியில் குனிந்து பார்க்கவேண்டும். சேஸிஸில் புதிய வெல்டிங், வெட்டிய கொக்கிகளின் தழும்பு, முன்னும் பின்னும் பொருந்தாத சக்கர அகலம் ஆகியவை காணப்பட்டால், பதிவுச் சான்றுடன் ஒப்பிட்டுத் தெளிந்த பின்னரே முன்பணம் கொடுக்கவேண்டும்.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் ஒன்று கூற விரும்புகின்றோம். ஊராட்சிக்குச் சொந்தமான வண்டியில் இத்தகைய மாற்றம் எதற்கும் தீர்மானம் நிறைவேற்றலாகாது. ஓர் ஊரில் பலரும் வண்டியை உயர்த்த விரும்பினால், குறை வண்டியில் இல்லை, வழியில் உள்ளது என்பது அதன் பொருள். ஓடை கடக்கும் இடத்தில் ஒரு சிறு பாலமும், நீர் தேங்கும் வண்டிப் பாதையில் சரளையும் பக்க வாய்க்காலும் அமைத்தால், அவ்வழியே செல்லும் வண்டிகள் அனைத்தும் பயனடையும். கிராம சபையில் முதலில் எழுப்பத்தக்க கோரிக்கை அதுவேயாகும்.