நேற்றைய ஆட்டம் நேற்றோடு!

பழனி மலை ஏறியவர்களுக்கு மாம்பழக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. தம்பி மயிலேறி உலகத்தைச் சுற்றி வருவதற்குள், அண்ணா அம்மையப்பனைச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டார். தம்பி கோபித்துக்கொண்டு மலைமேல் போய் நின்றார். தெய்வம் கோபித்துக்கொண்டால் நமக்கு ஒரு க்ஷேத்திரம் கிடைக்கிறது. மனிதர்கள் தோற்றுக் கோபித்துக்கொண்டால் கிடைப்பது இன்னொரு தோல்விதான்!

சென்னைப் பெண் வைஷாலியின் கதையைக் கேளுங்கள். 2024 ஏப்ரலில் கனடாவிலுள்ள டொராண்டோ நகரில் கேண்டிடேட்ஸ் சதுரங்கப் போட்டி நடந்தது. உலகச் சாம்பியனை எதிர்த்து ஆடப்போவது யார் என்று தீர்மானிக்கும் போட்டி அது. பெண்கள் பிரிவில் எட்டுப் பேர். ஆளுக்கு 14 ஆட்டங்கள். அக்கா அங்கே ஆட, தம்பி பிரக்ஞானந்தா பொதுப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தார்.

ஆறாவது ஆட்டத்திலிருந்து அக்காவுக்குச் சோதனை. வரிசையாக நான்கு தோல்விகள்! 9 ஆட்டங்கள் முடிந்தபோது கையில் இருந்தது இரண்டரைப் புள்ளி. நாமாக இருந்தால் பெட்டியைக் கட்டியிருப்போம். வைஷாலியோ மீதி ஐந்து ஆட்டங்களையும் வென்றார்! ஏழரைப் புள்ளிகளுடன், இரண்டாம் இடத்தை ஹம்பியுடனும் சீனாவின் லெய் டிங்ஜியுடனும் பகிர்ந்துகொண்டார்.

சதுரங்கத்தில் ஓர் ஆட்டம் நான்கைந்து மணி நேரம் நீளும். தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும். கடிகாரம் வேறு விரட்டும். இவ்வளவுக்கும் நடுவே மனம் ஒரு நிமிஷம் தடுமாறினால் போதும். 2024 டிசம்பர் 12-ம் தேதி சிங்கப்பூரில் என்ன நடந்தது? கடைசி ஆட்டத்தில், 55-வது நகர்த்தலில், சாம்பியன் டிங் லிரென் ஒரு பிழை செய்தார். உலகப் பட்டம் 18 வயதுக் குகேஷின் கைக்கு வந்துவிட்டது!

மனத்தை ஒருமுகப்படுத்துவது என்றால், அதை ஐந்து மணி நேரம் கட்டிப்போடுவது என்று நினைத்துவிடாதீர்கள். எதிராளி யோசிக்கும்போது பெரிய ஆட்டக்காரர்களும் எழுந்து நாலடி நடந்துவிட்டு வருகிறார்கள். அலைந்த மனத்தைப் பலகைக்குத் திருப்பிக் கொண்டுவருவதுதான் சாமர்த்தியம். மலையேறுகிறவர் அடுத்த படியைப் பார்ப்பதுபோல, 'இப்போது என்ன செய்யலாம்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நேற்றுத் தோற்றவருக்கும் இன்று பலகையில் பதினாறு காய்கள் முழுசாக நிற்கின்றன அல்லவா?

நமக்கும் இது பொருந்தும், சகோதரிகளே! நேற்றுத் தீய்ந்த குழம்பை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தால், இன்று அடுப்பில் இருக்கும் பால் பொங்கி வழிந்துவிடும்!