நில அளவையைத் தாங்கிய கால்கள்

என் ஊர் காலடிப்பேட்டை. அங்கே யாருடைய காலடி பட்டது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்த ஜோசப் காலட், நெசவாளர்களுக்காக அமைத்த பேட்டை அது. காலட் பேட்டையே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று.

அண்மையில் எங்கள் தெருவில் மனை அளக்க வந்த நில அளவையர், கருவியின் முக்காலி மணலில் சற்றே அமிழ்ந்ததைக் கண்டு, முடித்த வேலையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். கருவியைவிட அதன் கால் அத்துணை முக்கியமா? ஆம் என்பதே விடை.

நான்கு கால் நாற்காலி மேடுபள்ளத்தில் ஆடும். மூன்று கால் ஆடாது. மூன்று முனைகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதே காரணம். குறிக்கம்பமும் நேராக நிற்கவேண்டும். 2 மீட்டர் கம்பம் ஒரு பாகை சாய்ந்தால் அதன் தலை ஏறக்குறைய 3.5 சென்டிமீட்டர் விலகும். ஒரு கிரவுண்டைப் பங்கிடும் உடன்பிறந்தாரிடையே வழக்கு மூள அது போதாதா?

1802இல் வில்லியம் லாம்டன், பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் வரை ஏறத்தாழ ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தார். அவருடைய 100 அடி எஃகுச் சங்கிலி, வெப்பம் 10 பாகை செல்சியசு கூடினால் சுமார் அரைக்கால் அங்குலம் நீளும். ஆகவே அதனை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகள்மேல் தாங்கி, வெப்பமானி வைத்து அளந்தனர். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அவருடைய அரை டன் கோணமானி மோதிச் சிதைந்தது. தாங்குவது தவறினால் எத்துணை நுட்பமான கருவியும் வீணே.

அடுத்து வந்த ஜார்ஜ் எவரெஸ்டின் கருவிகளைச் செப்பனிட்டவர், ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் உசேன். ஐரோப்பியர் வகித்த கருவி வல்லுநர் பதவியை 1840களில் அவரே ஏற்றார். இன்று அளவைக் கம்பத்துக்கும் முக்காலிப் பூட்டுக்கும்கூடக் காப்புரிமை பெறுகிறார்கள். இந்தியாவில் முதல் காப்புரிமைச் சட்டம் வந்ததோ 1856இல்தான். அதற்கு முன் உழைத்த கைவினைஞரின் நுட்பத்தைப் பதிவு செய்ய ஏடே இல்லை.

காலட்டின் பெயர் எங்கள் பேட்டையில் நிலைத்தது. எவரெஸ்டின் பெயர் சிகரத்தில் நிலைத்தது. ஆற்காட்டாரின் பெயரை நம் நினைவிலேனும் நிறுத்துவோம், நண்பர்களே!