லப்பம் இறுகும் விதம்

குளியலறைக் கதவின் நிலை பெரும்பாலும் அடியில்தான் மக்கும். மரத்தின் வெட்டுமுனை அங்கே தரையைத் தொட்டு நிற்கிறது. மரமாக நின்ற காலத்தில் வேர்நீரை மேலேற்றிய நுண்குழாய்கள், இப்போது கழுவிவிட்ட தண்ணீரை உறிஞ்சுகின்றன. ஈரப்பதம் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். அதனால் மக்கியதைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்ட பிறகே ஓட்டையை அடைக்க வேண்டும்.

அடைக்கும் பொருள் எப்படி இறுகுகிறது என்பதில்தான் வேடிக்கை. மரத்தூளைப் பெவிகாலில் குழைத்துத் தச்சர் வைக்கும் அடைப்பு, நீர் ஆவியாகி இறுகுவது. நீர் போகப் போகச் சுருங்கி நடுவில் குழி விழும். அதனால் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை வைப்பார்கள். பெயிண்டர்களின் பழைய லப்பம் வேறு சாதி. சாக்பவுடரும் ஆளிவிதை எண்ணெயும் சேர்ந்தது அது. அந்த எண்ணெய் ஆவியாகாது; காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. இறுகும்போது அதன் எடை கூடும் என்றால் நம்பக் கடினம்தான்! வெறும் மரத்தில் நேராக வைத்தாலோ மரம் எண்ணெயைக் குடித்துவிடும், மாவு உதிரும். முதலில் பிரைமர் அடிப்பது அதற்காகத்தான்.

கார் பட்டறைகளில் புழங்கும் இரட்டைக் கலவைப் பட்டிக்குக் காற்றும் தேவையில்லை. பாலியெஸ்டர் பிசினில் துளி பெராக்சைடு சேர்ந்ததும் சங்கிலிவினை கிளம்பும். தொட்டால் சூடு தெரியும். சில நிமிடங்களில் கெட்டியாகிவிடும்.

கெட்டியாவதே அதன் குறையும்கூட. மரம் அறுபட்ட பின்னும் அசைந்துகொண்டேதான் இருக்கிறது. பச்சை மரம் முழுக்க உலரும்போது வளையங்களின் போக்கில் 5 முதல் 10 சதவீதம்வரை சுருங்கும். நீளவாக்கில் பொதுவாக 0.2 சதவீதத்துக்கு மேல் போகாது. ஐப்பசி மழையில் இறுகும் கதவு சித்திரையில் தளர்வது இதனால்தான். இறுகிய பட்டியோ அசையாது. ஆணித்துளையில் பல வருடம் நிற்கும் அதே பட்டி, இரு பலகைகள் சேரும் இடுக்கில் சீக்கிரமே விரிந்துவிடும். அங்கே பெயிண்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்ட் வைப்பதே சரி.

ஒன்று மட்டும்: ஆளி எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆக்சிஜனை வாங்கும் வினை வெப்பத்தை வெளியிடும். குவியலுக்குள் அது தேங்கினால் துணி தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.