ஆற்றங்கரையில் இரண்டு கிதார்கள்

வீணை கேட்டு வளர்ந்த காது எனக்கு. ஃப்யூஷன் என்றாலே ராகத்தின் மேல் டிரம்ஸைக் கொட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை அடியோடு மாற்றியது, 1993-இல் வெளிவந்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' ஆல்பம்.

வாசித்தவர்கள் அமெரிக்காவின் ரை கூடரும் ஜெய்ப்பூரின் விஸ்வ மோகன் பட்டும். இருவரும் முதன்முதலாகச் சந்தித்ததே ஒலிப்பதிவுக்குச் சற்று முன்புதான். ஒத்திகை கிடையாது. இடம், கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயம். தபலாவில் சுக்விந்தர் சிங் நாம்தாரி, தும்பெக் மேளத்தில் கூடரின் மகன் ஜோவாக்கிம்.

இது எப்படிப் பொருந்தியது? பட், கிதாரில் கூடுதல் தந்திகள் கட்டி மோகன வீணையை உருவாக்கியவர். கூடர், ஸ்லைடு கிதாரில் தேர்ந்தவர். தந்தியை விரலால் அழுத்தாமல், அதன்மேல் வழுக்கிச் செல்வதுதான் இருவரின் முறையும். இதேபோல் வழுக்கி வாசிக்கும் கோட்டு வாத்தியம் கேட்டவர்களுக்கு அந்தக் குழைவு உடனே பிடிபடும்.

மொத்தம் நான்கே பாடல்கள். கடைசியாக வரும் 'இசா லேய்', ஃபிஜித் தீவுகளின் பிரியாவிடைப் பாடல். இருவருக்குமே சொந்த ஊர்ப் பாட்டு அல்ல. ஒருவர் வாசிக்க மற்றவர் காத்திருக்கிறார். முதலாமவர் விட்ட இடத்தில் மென்மையாகத் தொடர்கிறார். யாரும் யாரையும் முந்தவில்லை.

1994-இல் கிராமி விருது கிடைத்தது. விருதுக்காக இல்லாவிட்டாலும், அந்தப் பொறுமைக்காகவே கேளுங்கள். கூட்டு இசைக்கு வித்வத்தைவிட முக்கியம், எதிரில் இருப்பவரைக் கேட்கும் காது.