600100: ஆறு இலக்கத்தில் ஓர் அஞ்சலகம்

பள்ளிக்கரணையின் அஞ்சல் குறியீட்டு எண் 600100. பின்கோடு என்று எல்லோரும் சொல்லும் இந்த எண், ஒரு கடிதத்தை எந்த அஞ்சலகத்தின் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. ஊர், வார்டு, மாவட்டம் ஆகியவற்றின் எல்லைகளுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

எண்ணை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். முதலில் நிற்கும் 6 தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவை சேர்ந்த மண்டலம். புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட ஏனாம் மட்டும் சுற்றியுள்ள ஆந்திரத்தோடு சேர்ந்து 5-க்குப் போய்விட்டது. தபால் அங்கிருந்து போவதுதானே வசதி. நாடு இப்படி எட்டு நில மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. 9 ராணுவத் தபாலுக்கு உரியது. முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால் மண்டலத்துக்குள் ஒரு பகுதி தெரியும்: 60 சென்னையிலிருந்து கடலோரமாகக் காரைக்கால் வரை, 62-இல் திருச்சி, மதுரை, நெல்லை, 64-இல் கோவையும் நீலகிரியும், 67 முதல் 69 வரை கேரளம். முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் வட்டாரத்தைக் காட்டுகின்றன. 600 என்றால் சென்னை, 603 என்றால் செங்கல்பட்டு. மிச்சமுள்ள மூன்று இலக்கங்கள்தாம் பட்டுவாடா அஞ்சலகம்.

இந்த முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. வகுத்தவர் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். சமஸ்கிருத நாடகங்களும் எழுதியவர். பல எழுத்துகளில் முகவரி எழுதும் நாட்டில், ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும்போது, பெயரை மட்டும் நம்பித் தபால் பிரிப்பது பெரும்பாடு. தென்சென்னையே அதற்குப் போதிய சான்று. மடிப்பாக்கம், மேடவாக்கம், கோவிலம்பாக்கம், பெரும்பாக்கம், துரைப்பாக்கம் என்று பாக்கங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. போதாததற்கு ஒவ்வொரு பாக்கத்திலும் ஒரு காந்தி தெரு, ஒரு பாரதியார் தெரு.

நகரங்களுக்குள் எண் போடும் வழக்கம் பின்கோடுக்கு முந்தியது. லண்டன் 1850-களின் இறுதியிலேயே அஞ்சல் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. சென்னையிலும் தியாகராய நகர் 'மெட்ராஸ்-17' ஆகவும் மயிலாப்பூர் 'மெட்ராஸ்-4' ஆகவும் இருந்தன. 1972-இல் அந்த எண்களைக் கலைக்காமல், முன்னால் 600-ஐயும் தேவையான பூஜ்யங்களையும் சேர்த்தார்கள்: 600017, 600004. இன்றும் பள்ளிக்கரணைக்காரர்கள் 'சென்னை-100' என்று எழுதுவது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி.

இங்கே பலரும் இடறுவதுண்டு. கடைசி மூன்று இலக்கங்களில் திசையும் இல்லை, தூரமும் இல்லை. 99 வடக்கே கொளத்தூர். 100 தெற்கே சதுப்பு நிலத்தின் ஓரத்தில் பள்ளிக்கரணை. 101 மேற்கே அண்ணா நகர் மேற்கு விரிவு. மாறாக, பள்ளிக்கரணையை ஒட்டியே இருக்கும் வேளச்சேரி 42, மடிப்பாக்கம் 91, சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம் துரைப்பாக்கம் 97. வரைபடத்தைப் பார்த்து எண் வழங்கப்படவில்லை. நகரம் பெருகப் பெருக, புதிதாகப் பட்டுவாடா தொடங்கிய அஞ்சலகங்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள் கிடைத்தன. அதனால் இந்த எண்களைச் சென்னை விரிந்த கதையாகவும் படிக்கலாம். கீழ்க்கட்டளை 117, சோழிங்கநல்லூர் 119, மாடம்பாக்கம் 126, கோவிலம்பாக்கம் 129 எல்லாம் பிற்பாடு வீடுகள் நெருங்கிய இடங்கள்.

பள்ளிக்கரணையே எண் மாறிய ஊர்தான். இங்குள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் பழைய ஆய்வுக் கட்டுரைகளில் முகவரி 601302 என்றிருக்கும். அப்போது இந்தப் பகுதி சென்னையின் 600-க்கு வெளியே, புறநகர்த் தபாலாகப் பிரிக்கப்பட்டது. பிறகு 600-க்குள் வந்து 100 ஆனது. பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சியில் 2011-இல் சேர்ந்தது. 100 என்ற எண் அதற்கு முன்பே வழக்கத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து மேடவாக்கத்துக்கும் இதே 600100-தான், ஆனால் அது செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. 2021-இல் தனி மாநகராட்சியான தாம்பரத்துக்கும் 600045 என்ற சென்னை எண் அப்படியே இருக்கிறது.

டில்லியில் போடப்படும் கடிதம் பள்ளிக்கரணைக்கு வரும் வழியைப் பார்த்தால் எண்ணின் சூட்சுமம் புரியும். டில்லியில் சார்ட்டிங் செய்பவர் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்துச் சென்னைப் பையில் போட்டால் போதும். பள்ளிக்கரணை எங்கே என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சென்னை சார்ட்டிங் அலுவலகத்தில் பார்ப்பது கடைசி மூன்றை மட்டும். 100-க்கான கட்டு பையில் ஏறி அஞ்சலகத்துக்கு வந்ததும் எண்ணின் வேலை முடிகிறது. அங்கே கடிதங்களை பீட் வாரியாக, அதாவது ஒவ்வொரு தபால்காரரும் சுற்றும் பகுதி வாரியாக, பிரிக்கிறார்கள். தபால்காரர் தம் பீட்டுக்கு வந்தவற்றைத் தெரு வரிசைப்படி அடுக்கிக்கொண்டு கிளம்புகிறார். பழைய எண், புதிய எண், நகர், விரிவாக்கம் என்று குழம்பிக் கிடக்கும் புறநகர்த் தெருக்களில் பின்கோடால் ஆவது ஒன்றுமில்லை. தபால்காரரின் பழக்கம்தான் வீட்டைக் கண்டுபிடிக்கிறது.

நகருக்குள்ளேயே போகும் கடிதமும் பொதுவாக இதே வழிதான். பள்ளிக்கரணையில் போட்டது வேளச்சேரிக்குப் போக, முதலில் சார்ட்டிங் அலுவலகம் போய்த் திரும்ப வேண்டும். சுற்றுவழிபோலத் தோன்றினாலும், ஒவ்வோர் அஞ்சலகமும் மற்ற எல்லா அஞ்சலகங்களுக்கும் தனித்தனியே பை கட்டுவதைவிட இது எளிது. கடைசி இலக்கங்களில் ஒன்று பிசகினால் கடிதம் வேறு அஞ்சலகத்துக்குப் போய், அங்கே முகவரியைப் படித்துத் திருப்பி அனுப்பும்வரை தாமதமாகும். முதல் இலக்கம் பிசகினால் வேறு மாநிலத்துக்கே போய்விடலாம்.

நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சலகங்கள் இருக்க, பின்கோடுகளோ சுமார் 19,000 மட்டுமே. பட்டுவாடா இல்லாத அஞ்சலகமும், பெரிய அஞ்சலகத்தின் கீழ் இயங்கும் கிளை அஞ்சலகமும் தனி எண் பெறுவதில்லை என்பதே காரணம்.

இன்று கூரியர்களும் இணைய வணிக நிறுவனங்களும் தங்கள் சொந்த வாகனங்களில் பொருள் அனுப்பும்போதும் அஞ்சல் துறையின் இதே எண்ணைத்தான் முதலில் கேட்கின்றன. 2025-இல் அஞ்சல் துறை டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டை அறிமுகப்படுத்தியது. ஐதராபாத் ஐஐடியும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கிய இம்முறை, நாட்டின் நிலப்பரப்பை ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரிக்கிறது. அதில் அஞ்சலகத்துக்கு இடமில்லை. அட்சரேகையும் தீர்க்கரேகையுமே குறியீடாகின்றன. ஆகவே அடுத்தடுத்த வீடுகளுக்குப் பெரும்பாலும் ஒத்த குறியீடு வரும். எந்த அஞ்சலகம் பட்டுவாடா செய்யும் என்பதைச் சொல்ல 600100 தொடர்கிறது.