டிக்கெட்டே கிடையாது... ஆனால் கண்டக்டர் உண்டு! - ஓட்டுப் போட்டு பேண்ட் வளர்த்த ஐயோவா

கண்டக்டர் என்றதும் விசிலும் தோளில் தொங்கும் தோல்பையும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் டாட்ஜ் ஊரில், கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வேறொரு கண்டக்டரைப் பார்க்கலாம். கையில் ஒரு மெல்லிய குச்சி மட்டும் இருக்கும். டிக்கெட் கொடுக்க மாட்டார். அவர் நடத்தும் கச்சேரிக்கு டிக்கெட்டே இல்லை!

இடம், ஓல்சன் பூங்கா. கச்சேரி நடத்துவது 'கார்ல் எல். கிங் முனிசிபல் பேண்ட்'. மடக்கு நாற்காலியோ, புல்லில் விரிக்க ஒரு போர்வையோ இருந்தால் போதும்... யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மேடையில் ஃப்ளூட், கிளாரினெட், சாக்ஸபோன், ட்ரம்பெட், ட்ராம்போன், டியூபா, கூடவே டிரம்ஸ். வயலின் இருக்காது. ஊதும் கருவிகளை நம்பியே நடப்பதால்தான் இதற்கு 'விண்ட் பேண்ட்' என்று பெயர். திறந்தவெளியில் வயலின் சத்தம் நாலு வரிசை தாண்டுவதற்குள் கரைந்துவிடும். பித்தளைக் கருவிகளின் முழக்கமோ பூங்காவின் கடைசி மரம் வரை போகும். சிப்பியைக் கவிழ்த்ததுபோல் வளைந்த மேடைச் சுவர், சத்தத்தைப் பின்னால் போகவிடாமல் ஜனங்கள் பக்கம் தள்ளிவிடும்.

சரி, கேட்பவருக்கு இலவசம். காசு யார் கொடுப்பது?

இந்தக் கேள்வியில்தான் அந்த மாநிலத்து பேண்டுகளின் உயிரே இருக்கிறது. 100 ஆண்டுகளுக்கு முன்பு ஐயோவாவின் சிற்றூர்களில் ஊருக்கு ஊர் பேண்ட் இருந்தது. ஆனால் கடைக்காரர்கள் தரும் நன்கொடையில்தான் அது ஓடியது. ஒரு வருடம் வசூல் நன்றாக இருந்தால் புது யூனிஃபார்ம். அடுத்த வருடம் கையை விரித்தால் பேண்டே கலைந்துவிடும். ராணுவ பேண்டை நடத்திய அனுபவமுள்ள மேஜர் ஜார்ஜ் லாண்டர்ஸ் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சாலைக்கும் விளக்குக்கும் வரி வாங்குகிற ஊர், பாட்டுக்கும் வாங்கினால் என்ன?

அவர் முயற்சியில் 1921-ல் வந்ததுதான் 'ஐயோவா பேண்ட் சட்டம்'. 40,000 பேருக்குக் குறைவாக உள்ள ஊர்கள், சொத்து மதிப்பில் 1,000 டாலருக்கு 2 டாலர் வரை பேண்டுக்காக வரி போட அன்று அது வழி செய்தது. ஆனால், மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டியிருந்தது. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பிடிக்கவில்லை என்றால், அதே ஊர் மறுபடியும் ஓட்டுப் போட்டு அந்த வரியை ரத்து செய்ய முடிந்தது! ஆக, கைதட்டும் ரசிகர்தான் படியளக்கும் முதலாளியும். இந்த யோசனையை அமெரிக்காவின் வேறு பல மாநிலங்களும் பின்னால் எடுத்துக்கொண்டன.

கார்ல் கிங்கும் இந்தக் கதைக்குள் வருகிறார். 1891-ல் ஒஹையோவில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியிலேயே விட்டவர். சங்கீதத்தை ஏறக்குறைய தானாகவே கற்றுக்கொண்டு, இள வயதிலேயே சர்க்கஸ் பேண்டில் சேர்ந்தார். சர்க்கஸ் பேண்ட் என்றால் சாதாரணமில்லை. குதிரை ஓடும் வேகத்துக்குப் பாட்டு ஓட வேண்டும். கோமாளி இடறி விழுந்தால் அந்த நொடியில் டிரம் விழ வேண்டும். கூடாரத்தில் தீயோ வேறு ஆபத்தோ என்றால், ஊழியர்களை உஷார்படுத்தவும் பேண்ட்தான் ஒரு குறிப்பிட்ட மார்ச்சை வாசிக்கும். கூட்டத்துக்குப் பாட்டு, ஊழியர்களுக்கு அபாயச் சங்கு!

1913-ல், தன் 22-வது வயதில் அவர் எழுதிய 'பார்னம் அண்ட் பெய்லிஸ் ஃபேவரிட்' இன்றும் உலகம் முழுக்க சர்க்கஸ் மார்ச்களின் தாத்தா. பிறகு, புகழ்பெற்ற பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸின் பேண்டுக்கே தலைவரானார். அவர் மனைவி ரூத், அதே சர்க்கஸில் 'கலையோப்' வாசித்தவர்.

அப்படி ஊர் ஊராகச் சுற்றியவர், 1920-ல் ஃபோர்ட் டாட்ஜ் பேண்டின் பொறுப்பை ஏற்று வந்து இறங்கினார். அடுத்த வருடமே பேண்ட் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ஒரு மார்ச் எழுதினார் கிங். வரிச் சட்டத்தைப் பாராட்டி மெட்டுப் போட்ட இன்னொருவரை இசை வரலாற்றில் தேடித்தான் பார்க்க வேண்டும்! 1971-ல் இறக்கும்வரை அவர் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. 50 ஆண்டுகள், ஒரே பேண்ட். பள்ளிப் பிள்ளைகளின் விரலுக்கும் மூச்சுக்கும் எட்டுகிற எளிய மார்ச்களும் நிறைய எழுதினார். அவர் பெயரைத்தான் இன்று பேண்டும் அந்த மேடையும் சுமக்கின்றன.

விருந்தாளி கையில் குச்சி

இப்படி ஒருவர் கையசைவுக்கே பழகிய பேண்டில், புதிதாக ஒருவர் வந்து நின்றால் என்ன ஆகும்? ஊர் பேண்டுகளில் 'கெஸ்ட் கண்டக்டர்' அழைப்பது நெடுநாள் வழக்கம். பக்கத்து ஊர் பேண்ட் தலைவர், பள்ளி இசை ஆசிரியர், ஓய்வுபெற்ற ராணுவ பேண்ட் அதிகாரி என யாராவது வருவார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு ஒத்திகைதான் கிடைக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் ஒரே ரகமில்லை. பள்ளி மாணவி பக்கத்தில், அவள் தாத்தா வயதுக்காரர் அதே கிளாரினெட்டோடு இருப்பார். முழுநேரக் கலைஞர்கள் மிகக் குறைவு. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வருபவர்களே அதிகம்.

விருந்தாளியின் முதல் சோதனை, பாட்டு தொடங்குவதற்கு முன்பே வந்துவிடும். குச்சியை மேலே தூக்குகிறாரே... அந்த அரை நொடிதான் அத்தனை பேரும் மூச்சு இழுக்கும் நேரம். அவர் அவசரமாகத் தூக்கினால் மூச்சு பாதிதான் உள்ளே போகும். முதல் சுரமே நோஞ்சானாக வரும். நிதானமாக, தானும் மூச்சு இழுத்தபடி தூக்கினால் பேண்டே ஒரே ஆள்போல ஊதும். அனுபவசாலிகள் ஒத்திகையில் வளவளவென்று பேசாமல் இதைத்தான் முதலில் சரி செய்கிறார்கள்.

இரண்டாவது சோதனை, வேகம். சர்க்கஸ் மார்ச்சைக் குதிரை வேகத்தில் அடித்துவிட ஆசை வரும். ஆனால், நெடுநாள் கழித்து ட்ராம்போனைத் தூசி தட்டி எடுத்தவரின் கை அவ்வளவு வேகமாக இழுபடுமா? அவரை விட்டுவிட்டு ஓடுவதா, ரசிகர் கால் தாளம் போடும் வேகத்தில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போவதா என்பதை விருந்தாளி அந்தக் குறுகிய ஒத்திகையிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

மிச்சத்தை வானம் பார்த்துக்கொள்ளும். வெயிலில் ஊதுகருவிகளின் சுருதி ஏறும், பொழுது சாயச் சாய இறங்கும். காற்றடித்தால் இசைத்தாள் பறக்கும். அதனால் கொடியில் துணி மாட்டும் கிளிப் இல்லாமல் எந்த பேண்ட்காரரும் திறந்தவெளி மேடைக்கு வருவதில்லை. முன்பின் தெரியாத விருந்தாளிக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் முதலில் நீட்டுவதும் பெரும்பாலும் அந்த கிளிப்பைத்தான்.

அமெரிக்கச் சிற்றூர்கள் சிலவற்றில் இன்னொரு பழக்கமும் உண்டு. கால் வலிக்கும் வயதானவர்கள் காரைப் பூங்காவின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து கேட்பார்கள். பாட்டு முடிந்ததும் அவர்கள் கைதட்டினால் மேடைக்குக் கேட்காது. அதற்குப் பதிலாக ஹார்ன் அடிப்பார்கள். முதல்முறை வரும் கெஸ்ட் கண்டக்டர் அதைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினால், பேண்ட்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டுவார்கள்.