தில்லிக்கு வரலாற்றுச் சுற்றுலா: பள்ளிகள் திட்டமிடுவது எப்படி?

தமிழ்நாட்டுப் பள்ளிகள் தில்லிக்கு ஏற்பாடு செய்யும் கல்விச் சுற்றுலாக்களின் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினால், செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட், ராஜ்காட், தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம், இடையில் ஒரு நாள் ஆக்ரா என்று பெயர்கள் வரிசையாக நீள்வதைப் பெரும்பாலும் காணலாம். ஒவ்வோர் இடத்திலும் முக்கால் மணி நேரம், ஒரு குழுப் புகைப்படம், மீண்டும் பேருந்து என்று நகரும் பயணம் மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் கடந்து போய்த் திரும்பியவர்கள் வரலாற்றில் எதைக் கற்றார்கள் என்று கேட்டால், அந்த நிரலில் அதற்கு விடை இருப்பதில்லை. வரலாற்றை மையமாகக் கொண்டு சுற்றுலாவைத் திட்டமிடும் பள்ளி, எந்தெந்த இடங்களைப் பார்ப்பது என்று தொடங்காமல், எந்தக் கேள்விக்கு விடை தேடிப் போவது என்று தொடங்குவதே முறை. கேள்வி முடிவானால் இடங்களைத் தேர்ந்தெடுப்பதும் தவிர்ப்பதும் எளிதாகிவிடும்.

கேள்வியும் பாடப்புத்தகமும்

தில்லி ஒரே நகரமாக வளர்ந்த ஊர் அன்று. தோமரர்களின் லால் கோட், கில்ஜிகளின் சிரி, துக்ளக் மன்னர்களின் துக்ளகாபாத், ஃபிரோஸாபாத், முகலாயரின் ஷாஜகானாபாத், பிரிட்டிஷாரின் புது தில்லி என்று, ஆட்சிக்கு வந்தவர்கள் முந்தைய நகரத்தின் அருகிலேயே தங்களுக்கென ஒரு நகரத்தை எழுப்பிக்கொண்ட நிலப்பரப்பு அது. ஆகவே இந்நகருக்கு மிகவும் பொருந்தும் கேள்வி இதுதான்: ஆட்சி கைமாறியபோது, புதிதாக வந்தவர்கள் தங்களுக்கு முன்பிருந்தவர்கள் விட்டுச்சென்ற கட்டடங்களையும் சின்னங்களையும் என்ன செய்தார்கள்? இடிப்பது, எடுத்துத் தம் கட்டடத்தில் பொருத்துவது, பெயரை மாற்றுவது, பழுது பார்ப்பது, அருங்காட்சியகமாக்குவது ஆகிய அத்தனை விடைகளுக்கும் தில்லியில் கண்கூடான சான்று உண்டு.

தில்லி சுல்தானியமும் முகலாயப் பேரரசும் ஏழாம் வகுப்பிலேயே பாடமாக வருவதாலும், 1857ஆம் ஆண்டின் எழுச்சியும் விடுதலைப் போராட்டமும் அதற்கடுத்த வகுப்புகளில் தொடர்வதாலும், எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் இத்தகைய பயணத்துக்கு ஏற்றவர்கள். புறப்படுவதற்கு முன் நான்கைந்து பாடவேளைகளை ஒதுக்கி, தில்லியின் நிலப்படத்தை அவர்களே வரைந்து, எந்த ஆட்சி எந்தப் பகுதியில் கட்டியது என்று குறித்துக்கொள்ளச் செய்தால், இடத்தில் கொடுக்கப்படும் விளக்கம் காற்றில் போகாது.

பருவமும் கிழமையும்

தில்லியின் பருவநிலையும் தமிழ்நாட்டின் பள்ளி நாள்காட்டியும் எளிதில் ஒத்துப்போவதில்லை. மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அரையாண்டுத் தேர்வு விடுமுறை வரும் டிசம்பர் இறுதியில் குளிர் கடுமையாக இருப்பதுடன், வட இந்தியாவின் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவதும் வழக்கம். அக்டோபர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் வரை காற்று மாசு மிகுதி. ஜனவரியில் குடியரசு நாள் அணிவகுப்பு ஒத்திகைகளுக்காகச் சாலைகள் அடைபடும். எனவே, பருவமழை ஓய்ந்து மாசு இன்னும் ஏறாத செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கத்தில் வரும் காலாண்டு விடுமுறை ஓரளவு பொருத்தமானது. ஆயினும் தசரா நெரிசலையும், ராஜ்காட்டில் கெடுபிடி மிகுந்திருக்கும் அக்டோபர் 2ஆம் நாளையும் கணக்கில் கொள்ள வேண்டும். விடுமுறைக்கு வெளியே பயணம் செய்ய இசைவு கிடைத்தால், பிப்ரவரி பிற்பகுதி இன்னும் சிறந்தது.

கிழமையும் முக்கியம். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி ஆகிய மூன்றும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 33 மணி நேரத்தில் புது தில்லியை அடைவதால், ஞாயிறு இரவு புறப்படும் குழு செவ்வாய்க் காலையில் போய்ச் சேர்ந்து, செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாள்களைத் தலைநகரில் செலவிட்டு, வெள்ளி இரவு ரயிலேறி ஞாயிறு காலையில் வீடு திரும்பலாம். திங்கட்கிழமை ரயிலிலேயே கழிந்துவிடும். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டிருப்பதால், நாற்பது பேருக்கு ஒரே பெட்டியில் இடம் வேண்டும் பள்ளி, கல்வித் துறையின் முன் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், ரயில்வேயின் மாணவர் கட்டணச் சலுகைக்கான விண்ணப்பம் ஆகியவற்றை அதற்கு முன்பே முடித்துவைத்திருக்க வேண்டும்.

நான்கு நாள்கள்

செவ்வாய்க் காலை ஓய்வுக்குப் பின், பிற்பகலில் தேசிய அருங்காட்சியகத்தில் தொடங்குவது நல்லது. கூரைக்குக் கீழே நடக்கும் பார்வை என்பதால் பயணக் களைப்பு உறுத்தாது. சிந்துவெளிக் கூடத்தில் இருக்கும் மொகெஞ்சதாரோவின் நடன மங்கை வெறும் 10.5 சென்டிமீட்டர் உயரமுடைய வெண்கலச் சிலை. அது கிடைத்த ஊர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது என்பதையும், பிரிவினையின்போது தொல்பொருள்களும் பங்கிடப்பட்டன என்பதையும் மாணவர்கள் அங்கேயே அறியலாம். புதுக்கோட்டைப் பகுதியின் திருவரங்குளத்திலிருந்து வந்த சோழர் கால நடராசரும் இங்குதான் இருக்கிறார். இந்த அருங்காட்சியகம் 1949 ஆகஸ்ட் 15 அன்று, முன்பு வைசிராய்களின் மாளிகையாக இருந்த கட்டடத்தில், தலைமை ஆளுநராக இருந்த ராஜாஜியால் தொடங்கிவைக்கப்பட்டது. இப்போதைய கட்டடம் 1960இல்தான் திறக்கப்பட்டது. ஆண்டவர்களின் அரண்மனை மக்களின் அருங்காட்சியகமானதே பயணக் கேள்விக்கான முதல் விடை.

புதன்கிழமையை மெஹ்ரோலியில் உள்ள குதுப் வளாகத்துக்கு ஒதுக்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் குத்புதீன் ஐபக் தொடங்கி, அவர் மருமகன் இல்துமிஷ் உயர்த்திய 72.5 மீட்டர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், அதன் அடியில் உள்ள பள்ளிவாசலின் கல்தூண்களை அருகில் சென்று பார்க்க வேண்டும். சங்கிலியில் தொங்கும் மணி, பூக்கொடி, சிதைக்கப்பட்ட முகங்களுடைய உருவங்கள் என்று கோயில் சிற்பியின் உளி வேலை அவற்றில் அப்படியே இருக்கிறது. 27 கோயில்களின் கற்கள் இங்கே பயன்படுத்தப்பட்டதாக அப்பள்ளிவாசலின் கல்வெட்டே கூறுகிறது. இதை மறைக்கவும் வேண்டாம், இதைக் கொண்டு இன்றைய மக்களிடையே பகை மூட்டவும் வேண்டாம்; கல்வெட்டு என்ன சொல்கிறது, தூண் என்ன காட்டுகிறது என்று சான்றோடு நிற்பதே வரலாற்று ஆசிரியரின் வேலை.

அதே முற்றத்தில் மாணவர்களே கண்டுபிடிக்கக்கூடிய மற்றொரு செய்தியும் உண்டு. ஐபக் எழுப்பிய பெரிய வளைவுகளின் கற்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடைமட்டமாக அடுக்கப்பட்டு, ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைவிடச் சற்று முன்னே நீட்டி, இறுதியில் உச்சியில் வந்து சேர்கின்றன. வளைவு கட்டிப் பழகாத உள்ளூர்க் கொத்தர்கள் தமக்குத் தெரிந்த முறையில் கட்டியதன் அடையாளம் அது. சில அடி தொலைவில் 1311இல் அலாவுதீன் கில்ஜி கட்டிய அலாய் தர்வாசாவிலோ, ஆப்பு வடிவக் கற்கள் விசிறிபோல் விரிந்து ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கல் இணைப்புகளின் கோடு படுத்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து வரையச் சொன்னால், ஒரு நூற்றாண்டில் ஒரு தொழில்நுட்பம் ஊன்றிய கதையை மாணவர்கள் தம் குறிப்பேட்டிலேயே கண்டுகொள்வார்கள். முற்றத்தின் நடுவே நிற்கும் இரும்புத் தூண் குப்தர் காலத்தைச் சேர்ந்தது; 7.2 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடைய அது, இரும்பிலுள்ள பாஸ்பரஸ் மேற்பரப்பில் ஒரு காப்புப் படலத்தை உருவாக்குவதால் துருவுக்குத் தப்பி நிற்கிறது. மின்னல் தாக்கிய கோபுரத்தை 14ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் பழுது பார்த்தார். 1828இல் ஓர் ஆங்கிலப் பொறியாளர் உச்சியில் வைத்த குவிமாடம், பொருந்தவில்லை என்று 1848இல் இறக்கப்பட்டு இன்றும் புல்வெளியில் தனியே நிற்கிறது.

பிற்பகலில் ஃபிரோஸ் ஷா கோட்லாவுக்குச் சென்றால், இன்றைய ஹரியானாவிலுள்ள தோப்ராவிலிருந்து யமுனையில் படகேற்றிக் கொண்டுவந்து, அந்த மன்னர் தம் அரண்மனை வளாகத்தில் நிறுத்திய அசோகர் தூணைக் காணலாம். அதிலுள்ள பிராமி எழுத்துகளை அவர் காலத்து அறிஞர்களால் படிக்க முடியவில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப்தான் அவற்றைப் படித்தறிந்தார். மதுரைக்கு அருகே மாங்குளம் குகையிலுள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டின் படத்தை முன்னரே வகுப்பில் காட்டியிருந்தால், இரண்டு எழுத்துகளின் உறவு மாணவர்களுக்குப் பளிச்சென்று புலப்படும்.

வியாழக்கிழமை முழுவதும் செங்கோட்டைக்கு உரியது. 1639இல் தொடங்கி 1648இல் ஷாஜகான் நிறைவு செய்த இக்கோட்டையில், பளிங்கு மண்டபங்களுக்கு அருகே எந்த அலங்காரமும் இல்லாத பல மாடிப் படைவீட்டுக் கட்டடங்கள் நிற்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1857க்குப் பின் அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் பிரிட்டிஷார் கட்டியவை அவை. ஷாஜகான் அரசவை நடத்திய திவானி காஸ் என்னும் தனி அவையிலேயே கடைசி முகலாயர் பகதூர் ஷா ஸஃபர் 1858இல் கைதியாக விசாரிக்கப்பட்டு, ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார். 1945 நவம்பரில் இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல், குருபக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர்மீதான வழக்கும் இதே கோட்டையில்தான் தொடங்கியது. மலேயாத் தோட்டங்களிலிருந்து பெருந்திரளான தமிழர்கள் சேர்ந்திருந்த படை அது என்பதை ஆசிரியர் சொல்ல மறக்கக் கூடாது. 1947 ஆகஸ்ட் 16 அன்று நேரு இங்கு தேசியக் கொடியை ஏற்றினார். கோட்டை ராணுவத்தின் பொறுப்பிலிருந்து தொல்லியல் துறையிடம் முழுமையாக வந்தது 2003 டிசம்பரில்தான்.

வெள்ளிக்கிழமை புது தில்லிக்கு. 1911 டிசம்பர் 12 அன்று தலைநகர் கல்கத்தாவிலிருந்து மாற்றப்படுவதாக ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்ததன் விளைவாக லட்யன்ஸ், பேக்கர் ஆகியோர் வடிவமைத்து, 1931இல் திறக்கப்பட்ட நகரம் இது. 340 அறைகளுடைய வைசிராய் மாளிகை குடியரசுத் தலைவர் மாளிகையானது; கிங்ஸ்வே ராஜபாதையாகி, 2022இல் கர்தவ்ய பாதையானது; இந்தியா கேட்டுக்குப் பின்னுள்ள மண்டபத்திலிருந்து 1968இல் ஐந்தாம் ஜார்ஜின் சிலை அகற்றப்பட்டு, அரை நூற்றாண்டுக்கு மேல் வெறுமையாக இருந்த இடத்தில் 2022இல் நேதாஜியின் சிலை வைக்கப்பட்டது. அரசியல் நிர்ணய சபை கூடிய பழைய நாடாளுமன்றக் கட்டடமும் 2023இல் திறக்கப்பட்ட புதிய கட்டடமும் அருகருகே நிற்கின்றன. குடியரசுத் தலைவர் மாளிகையைப் பார்க்க இணையவழி முன்பதிவு தேவை. கூட்டத்தொடர் நடக்கையில் அவையைப் பார்க்க நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரை வேண்டும். காந்தியடிகள் 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்ட பிர்லா மாளிகை, இன்றைய காந்தி ஸ்மிருதி, பயணத்தின் கடைசி இடமாக அமையட்டும்.

விட வேண்டியதும் விடக் கூடாததும்

இத்திட்டத்தில் ஆக்ரா இல்லை. போய் வர ஒரு முழு நாளை விழுங்கும் தாஜ்மகாலைச் சேர்த்தால், செங்கோட்டையோ குதுப் வளாகமோ அவசரப் பார்வையாகிவிடும். அது வேறொரு பயணத்துக்கு உரியது.

பாதுகாப்பில் மட்டும் சுருக்கம் கூடாது. 1981 டிசம்பர் 4 அன்று குதுப் மினாரின் உட்படிக்கட்டில் விளக்குகள் அணைந்ததால் ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் இறந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகள். அன்று முதல் கோபுரத்தினுள் பொதுமக்கள் ஏற அனுமதியில்லை. குறுகிய வாயில்களிலும் மெட்ரோ நிலையங்களிலும் முழுக் குழுவையும் ஒரே நேரத்தில் நுழைக்காமல், பத்துப் பத்துப் பேராகப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்குவது, மாணவிகளுடன் ஆசிரியைகள் செல்வது, தொலைபேசி எண் எழுதிய அடையாள அட்டையை ஒவ்வொருவரும் அணிவது ஆகியவை கட்டாயம். உள்ளூர் வழிகாட்டிகளின் இந்தியும் ஆங்கிலமும் எல்லா மாணவர்களுக்கும் எட்டாது என்பதால், ஒவ்வோர் இடத்துக்கும் பத்து நிமிடத் தமிழ் விளக்கத்தை ஆசிரியர்களே தயாரித்துக்கொள்ள வேண்டும். 1923 முதல் தலைநகரில் இயங்கிவரும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றோடு முன்கூட்டியே தொடர்பு கொண்டு ஒரு மாலைச் சந்திப்புக்கு வழி செய்தால், மாணவர்கள் அந்த நகரத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளின் வாயிலாகவும் அதை அறிவார்கள்.

தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது; செலவின் பெரும்பகுதி ரயில், தங்குமிடம், உணவு, பேருந்து ஆகியவற்றுக்கே. அந்தத் தொகையைத் தர இயலாத குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டில் தங்கிவிட்டால், மற்றவர்கள் எவ்வளவு கற்று வந்தாலும் அது வகுப்பின் சுற்றுலா ஆகாது. ஆகவே பெற்றோர் ஆசிரியர் கழகமும் முன்னாள் மாணவர்களும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஒரு நிதியைத் திரட்டி, பணமில்லை என்ற காரணத்தால் ஒரு மாணவரும் விடுபடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். தலைமை ஆசிரியர்கள் பயணத் திட்டத்தில் முதலில் எழுத வேண்டிய வரி அதுவே.